மலையில் செய்து மதுரைக்கு அனுப்பும் பொங்கல் பரிசு: வாழ்த்து அட்டையும் களிம்பும்

நவம்பர் 6, 2024 (கேள்வி)

அக்கா, திருமணமாகி கொடைக்கானலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்தப் பொங்கலுக்கு மதுரையில் இருக்கும் அம்மா வீட்டாருக்கும் சித்தி, அத்தை குடும்பங்களுக்கும் கடையில் எதுவும் வாங்காமல் நானே செய்து கொடுக்க நினைக்கிறேன். ஆளுக்கொரு வாழ்த்து அட்டை, ஒரு சின்ன டப்பாவில் கற்றாழை க்ரீம், இன்னொன்றில் உதட்டுக் களிம்பு. எல்லாமே இயற்கைப் பொருள் என்பதால் யாருக்கும் ஒன்றும் செய்யாது, கெட்டும் போகாது. மொத்தம் பதினான்கு வீடு. எதிலிருந்து தொடங்கட்டும்?

நவம்பர் 6, இரவு

கற்றாழையை விட்டுவிடுங்கள். பதினான்கு வீட்டுக்கும் அது போகப்போகிறது என்று படித்ததும், அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2011-இல் நானும் அதைத்தான் செய்தேன். தொட்டியில் வளர்ந்த கற்றாழை, தேங்காய் எண்ணெய், இரண்டு வைட்டமின் ஈ மாத்திரை. மிக்ஸியில் அடித்ததும் வெண்ணெய் மாதிரி திரண்டு வந்தது. மதுரையில் இருக்கும் என் தங்கைக்குக் கொடுத்தனுப்பினேன். என் பங்கு இங்கே மூன்று வாரம் அப்படியே இருந்தது. இந்த ஊரில் சமையலறையே குளிர்பெட்டிதானே. அங்கே எட்டாம் நாள் மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. முந்தைய இரவுவரை அவள் அதை முகத்தில் தடவியிருக்கிறாள். கன்னத்தில் வந்த தடிப்பு ஆற இரண்டு வாரம் ஆனது. அக்கா கொடுத்தது என்பதாலேயே யோசிக்காமல் தடவியவள். எனக்கு இன்றும் அது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

கற்றாழைச் சாறு பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் இருக்கும் இடத்தில் பூஞ்சையும் கிருமியும் வளரும். வைட்டமின் ஈ, எண்ணெயில் சிக்கு வாடை வராமல் காக்கும். கிருமியை அது தடுக்காது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். கடை க்ரீமில் கிருமி வளராமலிருக்க ஏதோ ஒன்றைச் சேர்க்கிறார்களே, அது வீணுக்குச் சேர்ப்பதல்ல. பூஞ்சையும் இயற்கையில் விளைவதுதான்.

தண்ணீரே இல்லாத பொருளாகப் பாருங்கள். தேன்மெழுகுக் களிம்பு, குளியல் பொடி, இந்த இரண்டும் போதும். அளவு நாளைக்கு எழுதுகிறேன்.

நவம்பர் 7

கரண்டிக் கணக்கு வேண்டாம். சிறிய மின் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், கிராம் காட்டினால் போதும்.

100 கிராம் களிம்புக்கு: தேன்மெழுகு 25 கிராம், தேங்காய் எண்ணெய் 40 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 35 கிராம். பாதாம் எண்ணெய் போடலாம், ஆனால் கொட்டைப் பருப்பு ஒவ்வாதவர் யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வாணலியில் தண்ணீர் கொதிக்க, அதன் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம், கிண்ணத்துக்குள் முதலில் மெழுகு. நேரடித் தீயில் வைக்கவே கூடாது. நம் உயரத்தில், ஏறக்குறைய 2,100 மீட்டர், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தேன்மெழுகு உருக 62 முதல் 65 டிகிரி போதும் என்பதால் அதில் குறையில்லை. மெழுகு உருகியதும் எண்ணெய்களை ஊற்றுங்கள். குளிர்ந்த எண்ணெய் பட்டதும் மெழுகு திட்டுத்திட்டாக உறையும். பயப்படாமல் கிளறிக்கொண்டே இருந்தால் மறுபடி கரையும். நன்றாகத் துடைத்து உலர்ந்த டப்பாவில் ஊற்றி, முழுதும் ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோக்கும். தண்ணீர் வேண்டாம் என்று இத்தனை பாடுபட்டுவிட்டு அதை மூடி வழியாக உள்ளே விடக் கூடாது.

உதட்டுக்கு வாசனை எதுவும் சேர்க்காதீர்கள். தேன்மெழுகின் மணமே போதும். மீதியில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, 100 கிராமுக்கு 2 கிராம் யூகலிப்டஸ் தைலம் சேர்த்தால் சளிக்கு நெஞ்சில் தடவும் களிம்பு ஆகிவிடும். மலையிலிருந்து போகும் பரிசு அல்லவா, அந்த மணம் இருக்க வேண்டும்.

நவம்பர் 8

"தை மாதத்தில் மதுரை அவ்வளவு சூடு இல்லையே, 25 கிராம் மெழுகு அதிகம் இல்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொங்கலன்று திறந்து அன்றே தீர்த்துவிடும் பொருளா இது? பங்குனி வரும், சித்திரை வரும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் அந்த டப்பா உங்கள் அத்தையின் கைப்பைக்குள் இருக்கும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகும். அதனால்தான் கொடைக்கானலில் அது வருடம் முழுக்க வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. இதுதான் இங்கே செய்பவர்களை ஏமாற்றும். 15 கிராம் மெழுகு போட்டாலே இங்கே கல் மாதிரி இருக்கும், நன்றாக வந்துவிட்டது என்று நினைப்போம். நான் அப்படி நினைத்த வருடம் 2013. பன்னிரண்டு டப்பா, பன்னிரண்டு அட்டை, எல்லாம் ஒரே பையில். மலை இறங்கி வத்தலக்குண்டு தாண்டும்போதே பையின் அடி ஈரமாகத் தெரிந்தது. பஸ்ஸில் என் கால்மாட்டில் என்ஜின் சூடு வேறு. மதுரையில் இறங்கிப் பார்த்தால் களிம்பு மூடி வழியாகக் கசிந்து, ஒரு மாதம் உட்கார்ந்து செய்த அட்டைகள் எல்லாம் எண்ணெய் பட்ட வடைத்தாள் போல ஊடுருவித் தெரிந்தன. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அட்டைகளை மாடியில் காய வைத்தாள். அந்த வருடம் வாழ்த்து வாயால்தான் சொன்னோம்.

அதற்குப் பிறகு ஒரு சோதனை செய்கிறேன். களிம்பு ஆறிய மறுநாள், ஹாட்பாக்ஸில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து 42 டிகிரிக்குக் கொண்டுவருகிறேன். காய்ச்சல் பார்க்கும் கருவியின் உச்சம் அந்த அளவுதான், அதுவே போதும். டப்பாவை நன்றாக மூடி, உறையில் கட்டி, அந்தத் தண்ணீரில் வைத்து ஹாட்பாக்ஸை மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் மேலே லேசாக இளகியிருக்கலாம். டப்பாவைச் சாய்த்தால் ஓடக் கூடாது. ஓடினால் மறுபடி உருக்கி, இன்னும் 5 கிராம் மெழுகு. குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனை நம் ஊரில் பொய் சொல்லும்; இங்கே கரண்டியே பனிக்கட்டி.

நவம்பர் 10

இன்று ஞாயிற்றுச் சந்தையில் மெழுகு கிடைத்தது. தேன் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சிய அடை, ஏறக்குறைய கறுப்பு நிறம், உள்ளே தேனீச் சிறகும் மண்ணும். பார்த்ததும் வேண்டாம் என்று தோன்றும். ஆனால் சுத்தம் செய்தால் இதைவிட நல்ல மெழுகு கிடைக்காது.

பழைய பாத்திரத்தில் தண்ணீரும் அடையுமாகச் சேர்த்து மெல்லிய தீயில் உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அப்படியே இரவு வைத்துவிடுங்கள். காலையில் மெழுகு மேலே வட்டமாக உறைந்திருக்கும், அழுக்கு அடியில். வட்டத்தின் அடிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு இன்னொரு முறை. மூன்றாம் முறையில் வெல்லப்பாகு நிறம் வரும். முற்றிலும் உலர்ந்த பிறகே எண்ணெயோடு சேர்க்க வேண்டும்.

அந்தப் பாத்திரத்தை இனி சமையலுக்கு எடுக்க முடியாது. முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 11

தேன் கலக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். தேன் எண்ணெயில் கரையாது, அடியில் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும்.

எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து முகம் தேய்க்கக் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீப்புண் போல ஆகி, கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

நவம்பர் 14

இனி அட்டை. எனக்குப் பிடித்த பகுதி இது.

நான் பள்ளியில் படித்த நாளில் பொங்கலுக்கு முந்தைய வாரம் தபால்காரர் பையைச் சுமக்க முடியாமல் வருவார். சிவகாசியில் அச்சான அட்டைகள்: கரும்பு, பானை, மாடு, சூரியன், நடிகர்கள். யாருக்கு எத்தனை வந்தது என்று தெருவில் எண்ணிப் பார்ப்போம். என் அம்மா மட்டும் கடையில் வாங்க மாட்டாள். பழைய கணக்கு நோட்டின் அட்டையை வெட்டி, அரிசி மாவுப் பசை தடவி, தோட்டத்துப் பூவை ஒட்டி அனுப்புவாள். எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும். அம்மா இறந்த பிறகு மதுரை அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்த அட்டைகள் பதினேழு இருந்தன. கடை அட்டை ஒன்றுகூட இல்லை.

காகிதம் வீட்டிலேயே செய்யலாம். எழுதித் தீர்ந்த நோட்டுத்தாளைக் கிழித்து ஓர் இரவு ஊறவைத்து மிக்ஸியில் அரைத்து, அகன்ற தொட்டித் தண்ணீரில் கலக்கி, கொசுவலை அடித்த மரச்சட்டத்தால் கிடைவாக்கில் அள்ளினால் ஒரு தாள். துணியில் கவிழ்த்து ஒற்றி எடுத்துக் காய வைக்க வேண்டும். கொடைக்கானல் கார்த்திகையில் எங்கே காயும்? வடகிழக்குப் பருவமழையில்தான் இந்த ஊருக்கு முக்கிய மழை. வெளியே வைத்தால் மூடுபனியில் இன்னும் கொஞ்சம் நனையும். பாதி காய்ந்ததும் துணி மேல் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துவிடுங்கள். பதினான்கு அட்டைக்கு இருபது தாள் போதும், ஆறு வீணாகும்.

பூவும் அப்படித்தான். புத்தகத்துக்குள் செய்தித்தாள் வைத்து, மேலே அம்மிக்கல் வைத்து அழுத்தினால் வெயில் ஊரில் பத்து நாளில் காயும். இங்கே மூன்று வாரம், அதிலும் முதல் நான்கு நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பூ பூசணம் பிடிக்கும். இன்றே தொடங்குங்கள்.

எந்தப் பூ என்றால், ஹைட்ரேஞ்சியாவின் தனி இதழ்கள்தான் என் முதல் தேர்வு. நம் புளிப்பு மண்ணில் அது நீலமாகப் பூக்கிறது. சுண்ணாம்பு கலந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகும். காய்ந்த பிறகும் அந்த நீலம் நெடுநாள் நிற்கிறது. பான்சி நன்றாக வரும். ரோஜா பழுப்பாகிவிடும், அதுவும் அழகுதான், ஆனால் பொங்கலுக்குப் பழுப்பு வேண்டாம்.

நவம்பர் 15

வெள்ளிப் பெரணியை நேற்று மறந்தே போனேன். இந்த மலையில் வளர்ந்த எல்லாக் குழந்தைக்கும் தெரியும்: இலையைப் பறித்து அடிப்புறத்தைப் புறங்கையில் வைத்து ஓர் அடி அடித்தால், வெள்ளைப் பொடி அப்படியே பச்சை குத்தியது போல இலை வடிவில் பதியும். பள்ளிக்குப் போகும் வழியில் கல்சுவரில் பறித்துக் கைமுழுக்கக் குத்திக்கொண்டு போவோம்.

கறுப்புத் தாளில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு நரம்பும் விழும். பசையும் வேண்டாம், சாயமும் வேண்டாம். மதுரைக்காரர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். வீட்டுச் சுவரில் முளைத்ததை மட்டும் பறியுங்கள், காட்டுக்குள் போக வேண்டாம்.

நவம்பர் 21

குறிஞ்சி வைத்து அட்டை செய்தால் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல். இப்போது கிடைக்காது என்பதால் பதில் தேவையில்லை என்று நேற்று விட்டுவிட்டேன். இரவெல்லாம் அதே நினைப்பு. 2030 வரத்தான் போகிறது.

குறிஞ்சிச் செடி பன்னிரண்டு வருடம் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை போட்டுவிட்டு இறந்துவிடும். மல்லிகை போல நாளை மறுபடி மொட்டு விடாது. பூவைப் பறித்தால் அந்தச் செடி பன்னிரண்டு வருடம் காத்திருந்த விதை போகிறது. பறிக்காதீர்கள், படம் எடுத்து ஒட்டுங்கள்.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2006-இல் அம்மா ஒரு கொத்து பறித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தாள். எங்களுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. அந்தக் கொத்து இன்றும் என்னிடம் இருக்கிறது. நீலம் துளியும் இல்லை, வைக்கோல் நிறம். அம்மா தொட்டது என்பதற்காக வைத்திருக்கிறேன். பூ என்று சொல்ல அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நவம்பர் 28

நவம்பர் 7 குறிப்பில் யூகலிப்டஸ் களிம்பு பற்றி எழுதியது பாதிதான். இன்று நீங்கள், "அண்ணன் வீட்டில் ஏழு மாதக் குழந்தைக்கும் சளி, அந்தக் களிம்பையே தடவச் சொல்லவா" என்று கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூடாது. கைக்குழந்தைக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் யூகலிப்டஸ், கற்பூரம், மென்தால் எதுவும் கூடாது. மூக்கருகே தடவினால் மூச்சுத் திணறல் வரலாம். சிறிது விழுங்கிவிட்டாலே வலிப்பு வரலாம். யூகலிப்டஸ் தைலப் புட்டி குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் குழந்தை நெஞ்சில் தடவுவது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் பழக்கம், என் அம்மாவும் செய்தாள். அதையும் விட்டுவிடுவதுதான் நல்லது.

குழந்தை இருக்கும் வீட்டுக்கு வாசனை இல்லாத களிம்பு மட்டும் போகட்டும். அந்த டப்பாவுக்கு வேறு நிற நூல் கட்டுங்கள், மாறிவிடக் கூடாது.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மலைக்கடைகளில் விண்டர்கிரீன் தைலம் என்று மூட்டுவலிக்கு விற்கிறார்கள். அதில் மணமும் எரிச்சலும் தருவது மீத்தைல் சாலிசிலேட் என்ற பொருள். இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் அதைத் தடவினால் இரத்தக் கசிவு வரும் ஆபத்து உண்டு. தாத்தா பாட்டிக்குப் பரிசு என்றதும் முதலில் கை போவது அந்தப் புட்டியின் மேல்தான், அதனால் எழுதுகிறேன்.

டிசம்பர் 3

சோப்பு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இந்தப் பொங்கலுக்கு வேண்டாம்.

சோப்பு காஸ்டிக் சோடா இல்லாமல் வராது. 100 கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 18 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே 100 கிராம் நல்லெண்ணெய்க்கு 13 கிராம்தான். வீடியோவில் தேங்காய் எண்ணெய் என்று பார்த்துவிட்டு வீட்டில் இருந்த நல்லெண்ணெயை ஊற்றினால், மிஞ்சிய 5 கிராம் காரம் தோலைப் பொசுக்கும். கலக்கும்போது தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும். எல்லாம் சரியாகச் செய்தாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் காய வேண்டும். இன்று செய்தாலும் பொங்கலுக்கு ஒட்டி ஒட்டித்தான் வரும். அடுத்த ஆடியில் சேர்ந்து செய்வோம், தீபாவளிக்கு ஆகும்.

குளியல் பொடிக்கு வருகிறேன். பாசிப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ், கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். இதை இங்கே காய வைத்து அரைக்க முயற்சி செய்யாதீர்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லி மதுரை மாடியில் காய வைத்து அங்கேயே மில்லில் அரைத்து வாங்குங்கள். வெயில் கேட்பதை அங்கே செய்வோம், குளிர் கேட்பதை இங்கே. பரிசில் உங்கள் அம்மாவின் கையும் இருக்கட்டும்.

டிசம்பர் 8

வெள்ளிப் பெரணி விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். நவம்பரில் செய்த எட்டு அட்டைகளை இன்று எடுத்தால், உறையின் உள்பக்கம் வெள்ளைப் பொடி, அட்டையில் பாதி இலைதான் இருக்கிறது. உராய்ந்தால் போய்விடுகிறது. கைக்குக் குத்தியது மாலைக்குள் அழிந்துவிடும் என்று சிறுவயதில் அறிந்தவள், இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இப்போது செய்வது: அச்சின் நான்கு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் அட்டைச் சட்டம் ஒட்டி, அதன் மேல் மெல்லிய பட்டர் பேப்பர். பொடியை எதுவும் தொடாது. சன்னல் வழியாகப் பார்ப்பது போல, மூடுபனிக்குப் பின்னால் பெரணி. பழையதைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பசைக்கு மைதா காய்ச்சலாம். ஈர ஊரில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் வரும் என்று புத்தகம் கட்டுபவர்கள் அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். பலன் தரும்தான். ஆனால் அது நஞ்சு, அட்டை குழந்தை வாய்க்குப் போகும் பொருள். சேர்க்காதீர்கள். கடையில் விற்கும் வெள்ளைப் பசையை மெல்லிய தூரிகையால் தடவுங்கள், பூ சுருங்காது.

டிசம்பர் 15

உங்கள் அக்கா பையன்கள் இருவருக்கும் என்ன அனுப்புவது என்று கேட்டீர்கள். களிம்பு எதற்கு அவர்களுக்கு? மந்திர அட்டை அனுப்புங்கள்.

ஆப்பசோடாவைச் சிறிது தண்ணீரில் கரைத்து, தூரிகையால் வெள்ளைத் தாளில் எழுதிக் காய விடுங்கள். ஒன்றும் தெரியாது. கூடவே ஒரு பொட்டலத்தில் மஞ்சள்தூள். அதைத் தண்ணீரில் குழைத்துப் பஞ்சால் தடவினால் தாள் முழுக்க மஞ்சளாகி, எழுத்து மட்டும் சிவந்து வரும். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும், ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அதேதான். எழுத்துத் திக்காக இருக்க வேண்டும். நேற்று மெலிதாக எழுதிப் பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை.

டிசம்பர் 22

"சீசனில் ஏரிக்கரையில் கடை போட்டு இந்தக் களிம்பை விற்கலாமா?" அட்டையை விற்கலாம். களிம்புக்கு அப்படி இல்லை. விற்பதற்காக அழகுப்பொருள் தயாரிப்பது மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டம் 1940-க்குள் வருகிறது. 2020-இல் தனியாக விதிகளும் வந்தன. மாநில உரிமம் வாங்க வேண்டும். முகம் தெரியாத ஒருவர் தோலில் தடவப்போவதற்கு அந்தக் கட்டுப்பாடு இருப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். முகம் தெரிந்தவர்களிடமே நான் தவறியிருக்கிறேன்.

ஜனவரி 3, 2025

கட்டும் வேலை. டப்பாவும் அட்டையும் ஒரே உறையில் போகக் கூடாது, 2013-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். டப்பா பருத்தித் துணியில் முடிச்சு, அட்டை தனி உறை. கண்ணாடித்தாள் சுற்ற வேண்டாம். மலைக்குப் பிளாஸ்டிக்கை ஏற்றுவதும் வேண்டாம், இறக்குவதும் வேண்டாம்.

ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது, ஒன்று விடாமல். செய்த தேதி. ஆறு மாதத்துக்குள் தீர்க்கவும். முதலில் முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பார்க்கவும். பரிசில் இப்படி எச்சரிக்கை எழுதினால் அழகு கெடும் என்றீர்கள். உங்கள் கையெழுத்தில் எழுதினால் கெடாது. "சித்தி, முதலில் கையில் தடவிப் பாருங்கள்" என்று எழுதிப் பாருங்கள், அது எச்சரிக்கை மாதிரியா இருக்கிறது?

ஜனவரி 11

நாளை காலை பஸ் என்கிறீர்கள். பையை என்ஜின் பக்கம் வைக்காதீர்கள். மடியில் வையுங்கள்.

பிப்ரவரி 1

இன்று தபாலில் மதுரை முத்திரையோடு ஓர் உறை வந்தது. உள்ளே வெள்ளைத் தாள், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் மடித்த பொட்டலம். அனுப்பியவர் பெயர் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பஞ்சு நனைத்துத் தடவினேன். எழுத்து மெதுவாகச் சிவந்தது, இரண்டு பையன்களின் கை, ஒன்று பெரிது, ஒன்று கோணல்:

"பெரியம்மா, உருகவில்லை."

கீழே இடமிருந்த மூலையில் இன்னும் ஒரு வரி. அது சோடா குறைவாகப் போட்டு எழுதியது போல, மங்கலாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. "அடுத்த முறை வெள்ளி இலையை உயிரோடு அனுப்புங்கள், கையில் குத்த வேண்டும்."

பெரணியைத் தொட்டியில் வேரோடு எடுத்து வைத்திருக்கிறேன். மதுரை மாடியில் அது வாழாது. முழுப் பரீட்சை விடுமுறையில் அவர்களை மேலே அழைத்து வாருங்கள்.